கீழே எடுத்த மூச்சு

"பயம் வந்தா உன் வாய் மூடுமா, திறக்குமா?"

சாரோம்மாபி இத்தா இப்படிக் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. பிளஸ் டூ முடித்துவிட்டு, கொச்சியில் கல்லூரி இடத்துக்காகக் காத்துக்கொண்டு, அகத்தித் தீவின் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் தினம் நாலு தடவை சைக்கிளில் போய் வந்துகொண்டிருந்த நேரம் அது. பவளப் பாறைகளைக் காக்கும் தன்னார்வலர் குழுவில் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கத்தான் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். அவர் கொல்லையில் புகையடுப்பின் மேல் சூரைத் துண்டுகளைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். எவ்வளவு தூரம் நீந்துவாய், எத்தனை நிமிடம் மூச்சடக்குவாய் என்று கேட்பார் என நினைத்து, அதற்கெல்லாம் பதில் வைத்திருந்தேன்.

"யோசிக்காம சொல்லு," என்றார்.

யோசித்தும் வரவில்லை, யோசிக்காமலும் வரவில்லை.

"சரி. தெரியிற வரைக்கும் மேலேயே மித. கண்ணாடிய மாட்டிக்கிட்டு, கீழ இருக்கிறவங்க விடுற குமிழியப் பாத்துக்கிட்டே இரு. அதுவும் வேலைதான்."

அந்தக் கேள்விக்குப் பதில் கிடைத்த நாளைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். அதற்கு முன் அவரைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

அப்போது அவருக்கு முப்பத்தொன்பது வயது. கணவர் சரக்குக் கப்பலில் வேலை செய்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். எங்கள் தீவில் அக்காவை இத்தா என்றும் அண்ணனைக் காக்கா என்றும் கூப்பிடுவோம். அவருடைய காக்கா பூக்குஞ்ஞி சூரைப் படகு வைத்திருப்பவர். எங்கள் தீவில் ஆண்கள் இரவு மனைவி வீட்டில் தங்கிவிட்டு விடியும்போது தாய்வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள். அதனால் பூக்குஞ்ஞிக்குத் தேநீர், சோறு, சண்டை மூன்றும் தங்கையின் அடுப்படியில்தான். அண்ணன் பிடித்து வரும் சூரையை வேகவைத்து, புகைபோட்டு, கல்லாகும்வரை வெயிலில் காயவைத்து மாசியாக்குவது தங்கையின் வேலை. படகு கரையில் கிடந்தால் இரண்டு பேருக்கும் பிழைப்பு இல்லை.

சூரை பிடிக்க உயிருள்ள இரைமீன் வேண்டும். இரைமீன் பவளத்தின் இடுக்குகளில் வாழும். கடல் சூடாகிப் பவளமெல்லாம் எலும்பு மாதிரி வெளுத்துப்போன வருடத்தில், அதன் விளைவை முதலில் கண்டுபிடித்தது படகுக்காரர்கள் இல்லை, சாரோம்மாபிதான். நீர் வற்றும் நேரத்தில் பவளப் பாறை மேல் நடந்து, பொந்துகளில் கம்பியை விட்டு எட்டுக்கால் பேய்க்கணவாய் பிடிப்பது அவருக்குச் சின்ன வயதுப் பழக்கம்.

"பொந்தெல்லாம் ஆளில்லாத வீடு மாதிரிக் கெடக்கு காக்கா," என்று அவர் வந்து சொன்னபோது, "உன்னப் பாத்துப் பயந்து ஓடியிருக்கும்," என்று பூக்குஞ்ஞி சிரித்தார். அடுத்த வருடம் இரைமீனும் குறைந்தது. அப்போது அவர் சிரிக்கவில்லை. ஆனால் தங்கை சொன்னது சரி என்றும் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தீவைச் சேர்ந்த நஜ்முதீன் வெளியூரில் முங்குவதற்குப் பயிற்சி முடித்துத் திரும்பி வந்தார். பவளத்தைக் கவனித்துக்கொள்ள ஆறு பேரைச் சேர்த்து, சிலிண்டர் கட்டிக்கொண்டு முங்கக் கற்றுக்கொடுத்தார். ஐந்து ஆண்கள், ஆறாவது ஆள் சாரோம்மாபி. சம்பளம் கிடையாது. முங்கி முடித்ததும் ஆளுக்கு ஒரு இளநீர்.

முதல் நாளே நஜ்முதீன் ஒரு வேடிக்கை காட்டினார். கடலுக்கு அடியில் போய் ஒரு பலூனில் சிலிண்டர் காற்றைப் பாதியளவு நிரப்பி, முடிச்சுப் போட்டு, கையை விட்டார். பலூன் மேலே ஏற ஏறப் பெருத்தது. நீர்மட்டத்தைத் தொடுவதற்கு முன்பே வெடித்துவிட்டது.

"உங்க நெஞ்சும் அதுதான்," என்றார் நஜ்முதீன். "மேலேர்ந்து இழுத்துட்டுப் போற மூச்சு கீழ சுருங்கும், திரும்பி வந்தா பழைய அளவுக்கு வரும், அவ்ளோதான். கீழ சிலிண்டர்லேர்ந்து எடுத்த மூச்ச அடக்கிக்கிட்டு மேல வந்தீங்கன்னா அது பெருத்துக்கிட்டே போகும். வாயத் தெறந்து விட்டுக்கிட்டே வரணும். மூடினா முடிஞ்சுது."

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் எங்களுக்கு நடக்கத் தெரியும் முன்பே மூச்சடக்கத் தெரியும். தண்ணீரில் தலை மூழ்கினால் வாய் தானாக மூடிக்கொள்ளும். சாரோம்மாபி பரீட்சையில் இரண்டு முறை தோற்றார். முகக்கண்ணாடியைக் கழற்றி மாட்டச் சொன்னால், கண்ணில் உப்புத் தண்ணீர் பட்ட உடனே மூச்சை அடக்கிவிடுவார். மற்ற ஐவரும் தோற்றார்கள். அதில் மூன்று பேர் போதும் என்று விலகிவிட்டார்கள்.

அவர் விலகவில்லை. வீட்டில் பயிற்சி செய்தார். பாத்திரம் கழுவும்போது, மாசி வேகும்போது, திடீர் திடீரென்று "ஆஆஆ" என்று மூச்சு தீரும்வரை சத்தம் விடுவார். பயம் வந்தால் முதலில் இந்தச் சத்தம்தான் வர வேண்டும் என்று வாய்க்குப் பழக்கினார். பூனை அந்த வீட்டுப் பக்கம் வருவதை நிறுத்திவிட்டது.

"என்னடி இது, சோத்த வெச்சிட்டுக் கப்பல் சங்கு ஊதுற?" என்பார் பூக்குஞ்ஞி.

"நீயும் பழகு காக்கா. என்னிக்காவது ஒதவும்."

"நான் என்ன பலூனா? மூணு நிமிஷம் பத்து செகண்ட் அடக்குறவன்டி நான். எனக்குச் சிலிண்டரும் வேணாம், உன் சங்கும் வேணாம்."

அது பொய்யில்லை. பவளத் திட்டின் நடுவே படகுகள் வெளிக்கடலுக்குப் போகும் வாயான அழிக்கு வெளியே சிக்கிய நங்கூரங்களை வெறும் மூச்சில் முங்கி விடுவித்தவர் என்று தீவு முழுக்க அவருக்குப் பெயர் உண்டு. மூன்றாவது தடவை தங்கை பரீட்சையில் தேறியபோது அவர் ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னார்: "பூனைய இனிமே கூப்பிடலாம்."

இப்போது குடைக்கல்லைப் பற்றி. அழிக்கு வெளியே, பன்னிரண்டு மீட்டர் ஆழத்தில், ஒரு அறையின் கூரை அளவுக்கு விரிந்து நிற்கும் பவளம் அது. பெரிய குடையை விரித்து ஒற்றைக் காலில் நிறுத்தியது போல இருக்கும். அந்த வகைப் பவளம் சூட்டில் முதலில் சாகும் வகை. வெளுத்த வருடத்தில் சுற்றிலும் எல்லாம் செத்தபோது அது மட்டும் தப்பியது. ஏன் என்று நஜ்முதீனுக்கும் தெரியாது. அதிலிருந்து தானாக உடைந்து விழும் துண்டுகளைப் பொறுக்கி, கரையை ஒட்டிய ஆழமில்லாத உள்கடலில் இரும்புச் சட்டங்களில் கட்டி வளர்ப்பதுதான் குழுவின் முக்கிய வேலை. சாரோம்மாபி மூன்று வருடமாக வாரம் இரண்டு நாள் அங்கே முங்கிக்கொண்டிருந்தார். அந்தக் கல்லின் எந்தக் கிளையில் எந்த நண்டு குடியிருக்கிறது என்பதுவரை அவருக்குத் தெரியும்.

மே மாத முதல் வாரத்தில் ஒரு இரவு காற்று அடித்தது. பூக்குஞ்ஞியின் படகிலிருந்து இரைவலை சரிந்து விழுந்து, அழி வழியாக ஓடும் நீரோட்டமான ஒழுக்கில் வெளியே போய்விட்டது. மறுநாள் நஜ்முதீன்தான் அதைக் கண்டுபிடித்தார். ஈயக்குண்டுகளோடு குடைக்கல்லின் மேல் முக்காடு போட்ட மாதிரிப் படர்ந்து கிடந்தது.

அன்று மாலை தங்கையின் அடுப்படியில் சண்டை.

"கயிறக் கட்டி எஞ்சினப் போட்டு இழுத்தா அஞ்சு நிமிஷத்துல வலை மேல வந்துடும்," என்றார் பூக்குஞ்ஞி.

"கல்லும் சேந்து வந்துடும்."

"கடல்ல கல்லுக்கா பஞ்சம்? மழைக்காலத்துக்கு இன்னும் பத்து நாள்தான் இருக்கு. அப்புறம் படகு கரையேறிடும். வலை இல்லாம இந்தப் பத்து நாள் நான் என்ன, உன் கூட உக்காந்து சங்கு ஊதவா?"

"அறுக்காம எடுத்துத் தரேன். வலையில ஒரு கண்ணி கூடக் கிழியாது. நாளைக்குப் பதினோரு மணி வரைக்கும் குடு."

பதினொன்றுக்கு அழியில் வெளி ஒழுக்கு தொடங்கும். அதன் பிறகு அங்கே யாரும் முங்க முடியாது.

பூக்குஞ்ஞி தேநீரைக் குடித்து முடித்து டம்ளரைக் கவிழ்த்து வைத்தார். "பதினொண்ணு," என்றார் கடைசியில். "அதுக்கு மேல ஒரு நிமிஷம் ஆனாலும் இழுத்துடுவேன்."

மறுநாள் எட்டரை மணிக்கு அங்கே இருந்தோம். இரண்டு படகுகள். ஒன்று குழுவின் சின்னப் படகு, இன்னொன்று பூக்குஞ்ஞியுடையது. வலையின் ஒரு முனையில் கட்டிய கயிற்றின் மறுமுனையைத் தன் படகில் தயாராக முடிந்து வைத்திருந்தார். அவருடைய ஆள் தங்கக்கோயா எஞ்சின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

சாரோம்மாபியும் நஜ்முதீனும் முங்கினார்கள். நான் கண்ணாடி மாட்டிக்கொண்டு மேலே மிதந்தேன். தண்ணீர் அவ்வளவு தெளிவு. பன்னிரண்டு மீட்டர் கீழே அவர்கள் விரல்கள் வலைக் கண்ணிகளைப் பிரிப்பது கூடத் தெரிந்தது. இரண்டு குமிழி வரிசைகள் என்னை நோக்கி ஏறி வந்தன. ஒவ்வொரு கண்ணியாக, ஒவ்வொரு கிளையாக. முடியைச் சிக்கெடுப்பது போல. ஒன்பதரைக்கு மேலே வந்து, சிலிண்டர் மாற்றி, இளைப்பாறிவிட்டு மறுபடியும் போனார்கள்.

"என்ன இத்தா, கல்லுக்குப் பேன் பாக்குறீங்களா?" என்று தங்கக்கோயா கத்தினார்.

"உன் எஞ்சினத் தொட்ட, உனக்குப் பாக்குறேன்," என்றார் அவர், முங்குவதற்கு முன்.

பத்தே முக்காலுக்கு முக்கால்வாசி வலை விலகிவிட்டது. விலகிய பகுதியைச் சுருட்டிக் கட்டி, பக்கத்தில் இருந்த செத்த கல்லில் மாட்டியிருந்தார்கள். ஒரு மூலை மட்டும் பாக்கி. அங்கே ஈயக்குண்டுகள் கோர்த்த கயிறு குடையின் விளிம்பில் அழுத்திக்கொண்டிருந்தது. சாரோம்மாபி அந்தக் கயிற்றை இடது கையால் தூக்கிப் பிடித்தபடி, வலது கையால் கண்ணிகளை விடுவித்துக்கொண்டிருந்தார். நஜ்முதீன் கல்லின் மறுபக்கம் இருந்தார். கடற்பாசிகள் மெதுவாக வெளிப்பக்கம் சாயத் தொடங்கின. ஒழுக்கு மணி பார்த்து வருவதில்லை. அன்று கொஞ்சம் முன்பே வந்துவிட்டது.

பூக்குஞ்ஞி அதைப் பார்த்தார். கீழே தங்கை இருக்கும்போது எஞ்சினைப் போட அவருக்கு மனம் வரவில்லை. அதனால்தான், இடுப்பில் துண்டை இறுக்கிக்கொண்டு, மூச்சை இழுத்து, குதித்தார்.

அவர் என்னைக் கடந்து போனது இன்னும் கண்ணில் இருக்கிறது. கை அசையவில்லை, குமிழி ஒன்று கூட இல்லை, போட்ட கல் மாதிரி இறங்கினார். கடைசி மூலையைப் பிடித்து உலுக்கினார். சாரோம்மாபி தலையை வேகமாக ஆட்டினார். அவர் மறுபடியும் உலுக்கினார். வலை ஒழுக்கில் வீங்கி அவர் காலைச் சுற்றியது. உதறினார். இறுகியது.

நான் எண்ணத் தொடங்கினேன். மூன்று நிமிடம் பத்து செகண்ட் என்பது படுத்துக் கிடந்தால். காலை உதறிக்கொண்டிருந்தால் அதில் பாதி கூட இருக்காது. எண்பது வரை எண்ணியபோது அவர் கைகள் அலையத் தொடங்கின. சாரோம்மாபி தன் நெஞ்சில் தொங்கிய மஞ்சள் நிற இரண்டாவது மூச்சுக் குழாயை எடுத்து அண்ணன் வாயில் திணித்தார். மூன்றாவது குமிழி வரிசை கிளம்பியது. எனக்கு உயிர் வந்தது.

சாரோம்மாபி கத்தியை எடுத்தார். ஒரு கண்ணி கூடக் கிழியாது என்று வாக்குக் கொடுத்த வலையை அறுத்தார். நாலு அறுப்பு. கால் விடுபட்டது.

அப்போது மூன்றாவது குமிழி வரிசை நின்றுவிட்டது.

பூக்குஞ்ஞி குழாயைத் துப்பிவிட்டு, வாயை இறுக்கி மூடிக்கொண்டு, மேலே உதைத்தார். வாழ்நாள் முழுக்க அவர் செய்தது அதுதான். முங்குவது, அடக்குவது, ஏறுவது. எங்கள் தீவில் யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்போம். கன்னம் உப்பிய அந்த முகம் என்னை நோக்கி ஏறி வருவதைப் பார்த்தபோது பலூன்தான் ஞாபகம் வந்தது. கத்த நினைத்தேன். என் வாய் இறுக்கி மூடியிருந்தது.

சாரோம்மாபியின் இடது கையில் இன்னும் ஈயக் கயிறு இருந்தது. அதை விட்டால் குண்டுகள் அத்தனையும் குடையின் மேல் விழும். பிடித்துக்கொண்டே இருந்தால் அண்ணன் போய்விடுவார். யோசித்தீர்களா என்று பிறகு கேட்டேன். "யோசிச்சிருந்தா ரெண்டும் போயிருக்கும்," என்றார்.

கயிற்றை விட்டுவிட்டுப் பாய்ந்தார். அண்ணனின் கணுக்காலைப் பிடித்தார். அவர் இன்னொரு காலால் உதைத்தார். உதை தோளில் விழுந்தது. சாரோம்மாபி அவர் உடம்பின் மேலேயே ஏறுகிற மாதிரி ஏறி, அடிவயிற்றில் ஓங்கிக் குத்தினார். பெரிய குமிழி ஒன்று வெடித்துக் கிளம்பியது. உடனே குழாயை மறுபடியும் வாயில் செருகி, தலையை இரண்டு கையாலும் பிடித்து, முகத்துக்கு நேராக முகத்தை வைத்து, சத்தம் போட்டார்.

"ஆஆஆ."

தண்ணீருக்குள் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. எல்லாப் பக்கமிருந்தும் வரும். எனக்கும் கேட்டது. மூன்று வருடத்துக்கு முன் அந்த அடுப்படியிலிருந்து தெருவரை கேட்ட அதே சத்தம். பூக்குஞ்ஞி தங்கையின் கண்ணையே பார்த்தார். பிறகு அவரும் அதே மாதிரி ஊத ஆரம்பித்தார். மூன்றாவது குமிழி வரிசை மறுபடியும் கிளம்பியது. நான் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. இருவரும் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு, ஆளுக்கொரு சங்கு ஊதியபடி, மிக மெதுவாக மேலே வந்தார்கள்.

கீழே ஏதோ முறியும் ஓசையும் கேட்டது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

படகில் தூக்கிப் போட்டபோது பூக்குஞ்ஞி இருமினார். துப்பியதில் லேசாகச் சிவப்பு இருந்தது. பின்னாலேயே நஜ்முதீனும் ஏறி வந்தார். கல்லின் விளிம்பு முறிந்ததில் வலை விடுபட்டு ஒழுக்கில் ஆடிக்கொண்டிருந்ததால் தங்கக்கோயா அதைக் கையாலேயே இழுத்து ஏற்றினார். அதில் பழுப்பும் ஊதாவுமாகப் பவளத் துண்டுகள் சிக்கியிருந்தன. அவர் வலையை ஓரத்தில் உதறப் போனார்.

"உதறாதடா," என்றார் பூக்குஞ்ஞி, இருமலுக்கு நடுவில். "வாளில கடத்தண்ணி எடு. அதுல போடு."

அன்று இரவு அவரைத் தீவு ஆஸ்பத்திரியில் பிராணவாயு வைத்துப் படுக்கவைத்தார்கள். நெஞ்சில் சின்னக் காயம்தான், மூச்சை அடக்கியபடி இன்னும் கொஞ்சம் மேலே வந்திருந்தால் பிழைத்திருக்க மாட்டார் என்று டாக்டர் சொன்னார். சாரோம்மாபி கட்டில் பக்கத்தில் உட்கார்ந்து அழுதுகொண்டிருந்தார். குடைக்கல்லில் மூன்றில் ஒரு பங்கு போய்விட்டது என்று அப்போதுதான் நஜ்முதீன் அவரிடம் சொல்லியிருந்தார்.

"நான் செத்திருந்தா இவ்ளோ அழுதிருப்பியாடி?" என்றார் பூக்குஞ்ஞி.

"நீ செத்திருந்தா அழ ஏது நேரம்? நம்ம வீட்டுக்கும் உன் பொண்டாட்டி வீட்டுக்கும் நடக்கவே சரியாப் போயிருக்கும்."

அவர் சிரிக்கப் போய், வலி தாங்காமல் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வலி அடங்கியதும், "வலைய அறுத்துட்டல்ல," என்றார்.

"நாலு எடத்துல."

"ஒரு கண்ணி கூடக் கிழியாதுன்ன."

"கால உள்ள விட்டது யாரு?"

அதற்கு மேல் அவர்கள் அதைப் பற்றிப் பேசி நான் கேட்டதில்லை. நன்றி என்றோ மன்னித்துக்கொள் என்றோ எதுவும் இல்லை. அந்தப் பத்து நாளும் படகு போகவில்லை. பூக்குஞ்ஞி கரையில் உட்கார்ந்து வலையை முடிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் சாரோம்மாபி இடுப்பளவுத் தண்ணீரில் நின்று, வாளியிலிருந்ததையும் கீழே பொறுக்கி வந்ததையும் சட்டங்களில் கட்டிக்கொண்டிருந்தார். நாற்பத்தாறு துண்டுகள். இன்று எண்ணினால் பத்தொன்பது உயிரோடு இருக்கின்றன. குடைக்கல் ஒரு பக்கம் மடங்கிய குடை மாதிரி நிற்கிறது. நிழல் குறைந்திருக்கிறது, மீன்கள் இன்னும் அதன் கீழே நிற்கின்றன. அந்த உடைந்த விளிம்பைப் பார்க்கும்போதெல்லாம் சாரோம்மாபி ஒரு கையால் அதைத் தொடாமல் தடவுகிற மாதிரிச் செய்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

பூக்குஞ்ஞி இப்போது தன் படகில் ஏறும் ஒவ்வொருவரையும் கரையிலேயே நிற்கவைத்து "ஆ" சொல்லவைக்கிறார். தங்கக்கோயாவுக்கு இது பெரிய அவமானம்.

கொச்சியில் ஒருவழியாகக் கல்லூரி இடம் கிடைத்து, நான் அடுத்த மாதம் கப்பலேறுகிறேன். போவதற்கு முன் இதை எழுதிவிட வேண்டும் என்று தோன்றியது. அன்று என் வாய் மூடித்தான் இருந்தது. சாரோம்மாபி இத்தாவின் கேள்விக்கு என் பதில் அதுதான். அதைச் சொன்னபோது அவர் கோபித்துக்கொள்ளவில்லை. "மூடுதுன்னு தெரிஞ்சிடுச்சில்ல? இனிமே தெறக்கப் பழகு," என்றார்.

உங்கள் கடற்கரையிலும் வெறும் மூச்சில் முங்குகிறவர்கள் இருப்பார்கள். சங்கு எடுக்கிறவர்கள், பாசி எடுக்கிறவர்கள், சிக்கிய நங்கூரத்தை விடுவிக்கிறவர்கள். எங்களைப் போலவே அவர்களுக்கும் அடக்கத்தான் தெரியும். என்றாவது ஒரு நாள் யாராவது கீழே அவர்களுக்கு ஒரு குழாயை நீட்டக்கூடும். அதற்கு முன் பூக்குஞ்ஞியின் கதை அவர்கள் காதில் விழட்டும். தயவுசெய்து ஒருவரிடமாவது சொல்லுங்கள். அவரையும் இன்னொருவரிடம் சொல்லச் சொல்லுங்கள்.